துணி உருண்டை

பந்து மாதிரி சுருட்டிய வேஸ்ட் துணி ஒன்று பறந்து வந்து மாமாவின் முதுகில் ‘பொத்’தென்று விழுந்தது.

லேத்தில் இரும்புத் தண்டைக் கடைந்துகொண்டிருந்த மாமா சட்டென்று டூலைப் பின்னுக்கு இழுத்தார். பக்கத்து லேத்தில் இருந்த மச்சினன், ஒன்றும் அறியாதவன் போலத் தன் வேலையைப் பார்த்தான்.

புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன இது, விளையாட்டு மைதானமா? அந்தத் துணி சுத்துற மெஷின்ல மாட்டினா கையையும் சேர்த்து இழுத்துக்கும், தெரியுமா தெரியாதா?”

“தெரியும் மேடம்” என்றான் மச்சினன். டீ குடித்துவிட்டு வந்ததும் அடுத்த உருண்டை பறந்தது.

“அது அப்படித்தான் மேடம்” என்று சிரித்தார் ஸ்டோர்கீப்பர். “அக்கா புருஷனைச் சீண்டாம அவனுக்குச் சோறு இறங்காது.”

மேடம் சிரிக்கவில்லை. மாமாவை அறைக்குக் கூப்பிட்டார். மாமா வந்து நின்று மேடத்தின் முகத்தையே பார்த்தார். பாவம், பயந்த சுபாவம் போல.

“அவர் உங்களைத் தொந்தரவு பண்றாரா?”

“ஐயோ, இல்லீங்க மேடம்! தங்கமான ஆளு.”

“துணி விழுந்தா வேலையையே நிறுத்திடுறீங்களே?”

“பழகிடுச்சு மேடம்.”

மெஷின் இரைச்சல் தாங்காமல் மேடம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அந்தப் பக்கம் பார்த்தபடியே கேட்டார். “சொந்தம் விட்டுப்போயிடும்னுதானே பொறுத்துக்கறீங்க?”

பதில் இல்லை. அந்த மௌனமே மேடத்துக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் மச்சினனைப் பின்னாலிருக்கும் ஷெட்டுக்கு மாற்றினார்.

“என்னை எவ்வளவு வேணா திட்டுங்க மேடம். வேலையைக்கூட ரெட்டிப்பாக்குங்க. அந்த இடத்தை மட்டும் மாத்தாதீங்க.”

“ஏன், சீண்ட ஆள் கிடைக்காதா?”

மச்சினன் எதையோ சொல்ல வாயெடுத்தான். மென்று விழுங்கிவிட்டு, டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மதியத்துக்குள் மாமா கடைந்த தண்டுகளெல்லாம் வரிவரியாகக் கீறலோடு வந்தன. டூல் முனை ஒன்றும் ஒடிந்தது. நன்றாக இருந்த மனுஷனுக்கு என்ன வந்தது? பார்க்க மேடமே கிளம்பினார்.

தூரத்திலேயே கேட்டது. மழுங்கிப்போன டூல், இரும்பின் மேல் கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. லேத் வேலையில் முதல் நாள் பாடமே அதுதான். கோளாறு கண்ணுக்குத் தெரியும் முன்னே காதுக்குத் தெரிந்துவிடும். கத்தும்போதே நிறுத்தாவிட்டால் முனை உடைந்து முகத்தில்கூடத் தெறிக்கும்.

“டூல் கத்துது! நிறுத்துங்க!”

மேடம் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. மாமா மட்டும் நிம்மதியாகக் குனிந்து கடைந்துகொண்டிருந்தார்.

ஓடிப் போய்ச் சேர நேரமில்லை. கீழே கிடந்த வேஸ்ட் துணியை அள்ளிச் சுருட்டி வீசினார்.

பொத்!

மாமாவின் கை தானாக டூலைப் பின்னுக்கு இழுத்தது.

“கேட்டுச்சுடா மாப்ளே, கேட்டுச்சு!” என்றார், திரும்பாமலே.

அப்புறம்தான் மாப்ளே பக்கத்தில் இல்லாதது ஞாபகம் வந்தது. திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது.

“மேடம்... காது போயிடுச்சுன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இதை விட்டா எனக்கு வேற வேலை தெரியாது மேடம்.”

மேடம் அருகே போய், அவர் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

“துணி எறியறது தப்பு. உங்க மாப்ளை பழைய லேத்துக்கே வரட்டும். உங்க மெஷின்ல ஒரு பல்பு மாட்டி, சுவிட்சை அவர் பக்கம் வைக்கச் சொல்றேன். அதுவரைக்கும் அவரே எறியட்டும். குறி மட்டும் தப்பக் கூடாது!”