தொப்பிக்காரன் உட்காரவே இல்லை

“ஒரு மாசம்தான் டைம். தவறினா ஒரு உயிர் போயிடும்” என்றாள் கறுப்புக் கண்ணாடிக்காரி.

“யாரோட உயிர்?”

“அதை மட்டும் கேக்காதீங்க.” மேசை மேல் ஒரு போட்டோவைத் தள்ளினாள். தொப்பி, நீளக் கோட்டு, பாதி முகம் இருட்டில். “இவர் காலையில கிளம்பினதுலேருந்து நிழல் மாதிரி பின்னாலேயே போகணும்.”

துப்பறிவாளருக்கு நாற்காலி கொள்ளாத உடம்பு. இப்போது மனசு கொள்ளாத சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. எட்டு மாதமாக ஈ ஓட்டிய ஆபீஸ் அது. கடைசியாக வந்த கேஸ் காணாமல் போன பூனை. அதுவும் இவர் கிளம்புவதற்குள் தானே வீடு திரும்பிவிட்டது. இன்றைக்கு ஜன்னலில் மழை, எதிரே மர்மப் பெண். இதற்காகத்தானே இந்தத் தொழிலுக்கே வந்தார்!

மறுநாள் காலை கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினார். மனைவியிடம் “தொழில் ரகசியம்” என்றார். குடைந்து குடைந்து கேட்பவள், அன்று “பார்த்துப் போங்க” என்பதோடு விட்டுவிட்டாள்.

தொப்பிக்காரன் லேசுப்பட்டவன் இல்லை. ஆற்றுப் பாலம், ரயில் நிலையம், மார்க்கெட் என்று ஊரையே காலால் அளந்தான். பஸ் ஏறவில்லை, ஒரு பெஞ்சிலும் உட்காரவில்லை. துப்பறிவாளருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நடுவில் அவன் திரும்பிப் பார்க்க, இவர் விளக்குக் கம்பத்தின் பின்னால் ஒளிந்தார். மறைந்தது கம்பம்தான்.

சாயந்தரமானால் கறுப்புக் கண்ணாடிக்காரியின் போன் வரும்.

“இன்னிக்கு எவ்வளவு தூரம்?”

“ஏழு கிலோமீட்டர். ஆனா அவன் யாரையும் சந்திக்கலை மேடம்.”

“அது கிடக்கட்டும். நீங்க நடுவுல டாக்ஸி பிடிக்கலையே?”

என்ன கரிசனம்! இவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

இருபத்தொன்பதாம் நாள்தான் பொறி தட்டியது. யாரையோ தீர்த்துக்கட்டிவிட்டுப் பழியை இவர் தலையில் கட்டப் பார்க்கிறார்களோ? நாளைக்கு ஒரு பிணம் விழுந்தால், மாதம் முழுக்க ஊரெல்லாம் பதுங்கித் திரிந்த இவரைத்தானே ஊரே கைகாட்டும்!

அன்றும் மழை. தொப்பிக்காரன் ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழைந்து படிகளில் தாவினான். விட்டேனா பார் என்று இவரும் இரண்டிரண்டு படியாகத் தாவினார். மூன்றாவது மாடியில் எட்டிப் பிடித்து அவனைச் சுவரோடு அழுத்தினார்.

“சொல்லுடா! யார் உயிருக்குடா குறி வச்சிருக்கீங்க?”

பக்கத்துக் கதவு திறந்தது. அவள்! கண்ணாடி இல்லை, வெள்ளைக் கோட்டு மட்டும் இருந்தது.

அந்த நொடியில் தொப்பிக்காரன் இவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ‘செத்தேன்’ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டு விரல்கள் நாடியில் அழுந்தின.

“மூணு மாடி ஓடி வந்தும் மூச்சு வாங்கலை. நர்ஸம்மா, இவர் வீட்டம்மாவுக்குப் போனைப் போட்டு, ‘உங்க ஆளு பிழைச்சுட்டார்’னு சொல்லுங்க!”