காற்று பார்த்துச் சொல்கிறவர்

"அப்பாகிட்ட ஒரு நிமிஷம் குடும்மா."

அமிர்தம் செல்போனை நீட்டினாள். செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வைத்திலிங்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பர்மனென்ட் வேலையை உதறிட்டுப் போனவகிட்ட எனக்கென்ன பேச்சு? புருஷனோட பாய்மரப் படகுல தீவு தீவா சுத்தட்டும். எனக்கு பஸ் வந்துடும்."

மூன்று வருஷமாக இதே பாட்டுதான். தான் வேலை பார்க்கும் மைன்ஸிலேயே மகள் இன்ஜினியர் ஆனபோது குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க ஸ்வீட் கொடுத்த மனுஷன். வேலையை விட்டுவிட்டு மணிமொழி கடலுக்குப் போனதும் அவள் பேரைக்கூட வாயில் எடுப்பதில்லை. பெற்ற பெண்ணிடம் இவ்வளவு வீம்பு ஆகுமா, நீங்களே சொல்லுங்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

"போயிட்டாரா?" வீடியோவில் மணிமொழியின் முகம் வாடியிருந்தது. அவளுக்குப் பின்னால் நீலக் கடல், வெள்ளை மணல், தென்னைமரங்கள்.

"போயாச்சு. அவரை விடு. தீவு எம்மாம் அழகா இருக்கு! மாப்பிள்ளை எங்க?"

"படகுக்குத் தண்ணி பிடிக்கப் போயிருக்காரு. அழகாத்தாம்மா இருக்கு. இங்க மரத்துல பலா மாதிரியே ஒரு காய் தொங்குது. ஆசையா வெட்டிப் பார்த்தேன், உள்ள சுளையே இல்லை. அழுகையே வந்துடுச்சு."

அமிர்தம் செல்போனை ஜன்னல் பக்கம் திருப்பிப் பலாமரத்தைக் காட்டினாள்.

"நம்ம வூட்டுப் பின்னால பழுத்துத் தொங்குது, தின்ன ஆளில்லை. வந்துடேன்டி."

"அப்பா கூப்பிடாம எப்படிம்மா வர்றது?"

அமிர்தம் பேச்சை மாற்றினாள்.

"போன வாரம் அந்தப் பக்கம் புயல்னு சொன்னாங்களே, பயந்துகினே இருந்தேன்."

"கிளம்பறதாத்தான் இருந்தோம். எங்க பயணத்தை ஃபேஸ்புக்ல எழுதறோம்ல, அதுல குழந்தைவேல்னு ஒருத்தர் மெசேஜ் போடுவாரு. போட்டோகூடக் கிடையாது. 'காத்து சரியில்ல, தீவை விட்டு நகராதீங்க'ன்னு அவர்தான் எழுதினாரு. பேசாம இருந்துட்டோம். கிளம்பிப் போன இன்னொரு படகுக்குப் பாய்மரமே முறிஞ்சுபோச்சு."

"யாரு பெத்த மகராசனோ, நல்லா இருக்கட்டும்! உங்கப்பாவும்தான் இருக்காரே, கல்லு!"

மணிமொழி சிரித்தாள்.

"அந்த மகராசன் ஒரு வாரம் பூரா காலையில எழுதுவாரு. ஒரு வாரம் சாயங்காலம்தான் எழுதுவாரு. இன்னொரு வாரம் மதியத்துக்கு மேல. அப்புறம் மறுபடியும் காலையில."

"அதென்ன அப்படி ஒரு வழக்கம்?"

"நான் எந்த குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவ? ஷிப்ட் மாறறது எனக்குத் தெரியாதாம்மா?"

அமிர்தம் வாசலுக்கு ஓடினாள். மைன்ஸ் பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வரட்டும் இன்னிக்கு! நேருக்கு நேராக் கேட்டுடறேன்."

"ஐயோ, கேட்டுடாதம்மா!" மணிமொழி பதறினாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா ரோஷத்துல எழுதறதையே நிறுத்திடுவாரு. அப்பாகிட்டேர்ந்து எனக்கு வர்றது அது ஒண்ணுதான்."