கழுவிய சாடி

வாரண்ட் தாளைக் கையெழுத்திடாமலே திருப்பித் தள்ளிவிட்டு, மாஜிஸ்திரேட் கிளெக் மேஜைமேல் இருந்த மண்சாடியை ஒரு தடித்த சட்டப் புத்தகத்துக்குப் பின்னால் நகர்த்தினார். சுகாதார ஆய்வாளர் நோரின் சக்டன் அதைப் பார்த்துவிட்டாள். இங்கிலாந்தில், யார்க்ஷயரின் அந்தப் பள்ளத்தாக்கில் குருடன்கூடத் தடவியே சொல்லிவிடுவான், அது ஆக்ராய்ட் அம்மாள் வீட்டுச் சாடி என்று.

அவள் வாரண்ட் கேட்டு வந்திருந்ததும் அதே ஆக்ராய்ட் அம்மாள் வீட்டைச் சோதனை போடத்தான்.

கணப்பு மூட்டாத அறையில் கிளெக்கின் நெற்றி வேர்த்திருந்தது. "குளிர் பட்டுருச்சும்மா," என்று கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

நோரின் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஆக்ராய்ட் அம்மாள் அரைத்து விற்கும் மாட்டிறைச்சி விழுது கெட்டுப்போயிருக்கிறது. ஆற்றோரத் தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. நாளை விட்சன் திருநாள் ஊர்வலம். பாடிக்கொண்டே நடந்து வரும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேப்பல் என்கிற சின்னத் தேவாலயத்தின் வாசலில் அந்த விழுது தடவிய பன்தான். சேப்பல்காரர்களிடம் சொல்லிப் பார்த்தாள். பிஷப்பே விரலைச் சூப்பிய விழுது என்று சிரித்தார்கள்.

"கடைன்னா நீ நேரா உள்ளே போகலாம். அது வீடு," என்றார் கிளெக். "மொதல்ல, அந்தம்மா உன்னை உள்ளே விடமாட்டேன்னுச்சா?"

"கதவை மூஞ்சியில சாத்துச்சுங்க ஐயா. மூக்கு இன்னும் நேராகல."

"சரி. ரெண்டாவது, உள்ளே இருக்கிறது கெட்டதுன்னு எதை வச்சு நம்புறே? சத்தியம் பண்ணிச் சொல்ல ஒரு ஆளு வேணும். இல்லே, ஒரு கரண்டி விழுதாவது வேணும்."

விழுது கிடைக்காது. இன்னொருவர் வீட்டுச் சாடியைக் கழுவாமல் வைத்திருப்பது அந்த ஊரில் திருட்டைவிடக் கேவலம். சாகக் கிடந்தாலும் எழுந்து வந்து, சாடியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பார்கள். நோரின் வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்த்ததெல்லாம் பளபளக்கும் சாடிகளைத்தான்.

ஆளும் கிடைக்காது. ஆக்ராய்ட் அம்மாளின் கைப்பக்குவத்தைக் குறை சொன்னவன் என்ற பெயரோடு அங்கே யாரும் குடியிருக்க முடியாது. கழிவறைக் கதவுக்குப் பின்னாலிருந்து எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: குளிர் பட்டுவிட்டதாம். கல்லறைக்குப் போன ஒரு கிழவர்கூட மகளிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாராம்.

அடுத்த ஊர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று கேட்டாள். விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமைதான் திறக்கும் என்றார். அதற்குள் பிள்ளைகள் தின்று முடித்திருப்பார்கள்.

நோரினுக்குப் பொறுக்கவில்லை. "அந்தச் சாடியை ஏன் ஒளிச்சீங்க ஐயா? ஒரு சாடி விழுதுக்கா பிள்ளைங்களைக் காவு குடுக்கறீங்க?"

கிளெக் சட்டென்று எழுந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகம் சட்டைக் காலரைவிட வெளுத்திருந்தது.

"முந்தாநாள் தின்னேன்," என்றார். "அதுலேருந்து இப்படித்தான்."

ஒரு நோயாளியைப் பார்த்து நோரின் அளவுக்குச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். நீங்களே சாட்சி என்று சொல்லி, நோரின் தாளை அவர் முன் நகர்த்திப் பேனாவைத் திறந்து நீட்டினாள்.

அவர் பேனாவைத் தொடவில்லை. "சாட்சியே நீதிபதியா இருக்க முடியாதும்மா. அதைத் தின்னு படுத்தவன் எவன் கையெழுத்துப் போட்டாலும் அந்த வாரண்ட் செல்லாது."

"இந்தக் கோர்ட்டுல இன்னும் ரெண்டு மாஜிஸ்திரேட்டு இருக்காங்களே? இப்பவே போய்க் கூட்டிட்டு வரேன்."

வெளியே சதுக்கத்தில் பிள்ளைகள் நாளைய பாட்டைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். கிளெக் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து சாடியை எடுத்து அவள் முன்னே வைத்தார். சுத்தமாகக் கழுவியிருந்தது.

"இதை நாங்க மூணு பேரும் சேர்ந்துதாம்மா காலி பண்ணோம்."