சம்பந்திக்குப் போட்ட நாற்காலி

“எழுந்திருங்கன்னா எழுந்திருங்க! சம்பந்தி வாசலுக்கே வந்துட்டாரு…”

“வரட்டுமே! என் வீடு, என் நாற்காலி, நான் உட்காருவேன்.”

“உங்க நாற்காலியா? பரண்ல கிடந்த ரெண்டையும் இறக்கி, ஒரு வாரமா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வார்னிஷ் அடிச்சது யாரு?”

“நீதான் தாயே! அனுபவிக்கிறது நான்.”

மகளின் கல்யாணத் தேதியைப் பேசி முடிக்க வந்த சம்பந்தி, அதற்குள் உள்ளே நுழைந்துவிட்டார். கணவர் உட்கார்ந்த வாக்கிலேயே கும்பிட்டார். மனைவிக்கு மானமே போயிற்று.

சம்பந்தி எதிர் நாற்காலியை இழுத்தார்.

“அதுல வேண்டாம் சம்பந்தி, அந்த முக்காலியில உட்காருங்களேன்” என்றார் கணவர்.

சம்பந்திக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றே அந்த நாற்காலியிலேயே சட்டமாக உட்கார்ந்தார். அவள் ஓடிப்போய்க் காபி கலந்து வந்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“மாப்பிள்ளையோட அப்பாவுக்கு முக்காலியா? இனி ஒரு நிமிஷம் இந்த வீட்ல இருக்க மாட்டேன்!”

கர்ஜித்தவர் இருந்த இடத்திலேயே இருந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. நெற்றியில் வியர்வை அரும்பியது.

கணவர் குரலைத் தாழ்த்தினார்.

“கோவிச்சுக்காதீங்க சம்பந்தி, நீங்க வர்றப்ப பளபளன்னு இருக்கட்டுமேன்னு, இவ குளிக்கப் போன நேரத்துல ரெண்டு நாற்காலிக்கும் நான்தான் இன்னொரு கை வார்னிஷ் அடிச்சேன்.”