பதினான்காவது டூல்

இன்றைக்கு ஒருவரையாவது வேலையை விட்டுத் தூக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்ற முடிவோடுதான் காதர் மைதீன் ஆபீசுக்குள் நுழைந்தார். மணி பதினொன்று. வழக்கம்போல் கையில் பால் சேர்க்காத கோப்பி-ஓ கப்.

சாங்கி விமான நிலையத்தில் இருக்கும் அந்தச் சரக்குக் கிடங்குக்கு அவர்தான் மேனேஜர். தூக்கப்பட வேண்டியவள் பரீதா. ஒன்பது வருடம் கவுன்டரில் ரசீது கிழித்துக்கொண்டிருந்தவளை மேலிடம் திடீரென்று ஏஐ ஏஜென்ட் வேலைக்கு மாற்றிவிட்டது.

விமானத்தில் வந்திறங்கும் மீன், பூ, காய்கறியில் எதை எந்த லாரியில் ஏற்றுவது என்று இனிமேல் அந்த ஏஜென்ட்தான் முடிவு செய்யும். அதற்குக் கைகால் கிடையாது. எடை பார்க்க ஒரு டூல், குளிர் பார்க்க ஒரு டூல், லாரி கூப்பிட ஒரு டூல். ஒவ்வொன்றும் என்ன செய்யும், எப்போது அதைத் தொடக் கூடாது என்று ஏஜென்டுக்குப் புரியும்படி எழுதிவைப்பது பரீதாவின் வேலை.

ரசீது கிழித்தவளுக்கு ஏஐ ஒன்றுதான் கேடு என்பது காதர் மைதீனின் கட்சி. வெள்ளிக்கிழமையோடு அவளுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. இவர் கையெழுத்துப் போட்டால்தான் நீடிக்கும். போடும் எண்ணம் மனிதருக்குத் துளியும் இல்லை; எழுதியதில் ஒரே ஒரு பிழை அகப்பட்டால் போதும்.

“என்னம்மா இது, ரேடியோவுக்கு நாடகம் எழுதுனியா?” என்று அவள் எழுதிய தாள்களை விசிறினார். “லாரி கூப்பிடுற டூலுக்கு எட்டு வரியா? ‘லாரியைக் கூப்பிடும்’னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?”

“முதல்ல அப்படித்தான் சார் இருந்துச்சு. டெஸ்ட் பண்ணப்போ ஒரு பெட்டி வாழையிலைக்கு நாலு லாரி கூப்பிட்டிருச்சு. ஒண்ணு வந்துகிட்டிருந்தா திரும்பக் கூப்பிடாதேன்னு நாம சொன்னாத்தானே சார் அதுக்குத் தெரியும்?”

“அப்ப அது ஏஐ இல்ல லா. மக்கு.”

தன் பதிலைத் தானே மெச்சிக்கொண்டு அவர் மேலே புரட்டினார். பக்கத்துக்கு ஒரு ‘சே’ கொட்டினாரே தவிர, பிழை ஒன்றும் சிக்கவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

பதினான்காவது தாள் வந்தது. கையிலிருந்த கப்பை அதன் தலைப்பின் மேலேயே வைத்துவிட்டு, கீழே இருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

“‘சரக்கு ஏதாவது காரணத்தால் நின்றுபோனால், அதை விடலாமா என்று இதைக் கேட்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு முன் பதில் வராது. அதற்குப் பிறகும் சராசரியாக இரண்டு மணி நேரம் பிடிக்கும். காரணம் சொல்லாது. மறுபடி கேட்டால் சத்தம்தான் வரும், பதில் வராது. அவசரச் சரக்குக்கு இதை நம்ப வேண்டாம்.’”

காதர் மைதீன் மேசை அதிரச் சிரித்தார். “இது ஒண்ணைத்தான் உருப்படியா எழுதியிருக்க. படிச்ச உடனே விளங்குது, இது சுத்தத் தண்டம்னு.”

“ஆறு மாச ரெக்கார்டைப் பார்த்து எழுதினது சார். போன வியாழக்கிழமை தேக்கா மார்க்கெட் பூக்கடைகளுக்குப் போக வேண்டிய மல்லி முப்பது பெட்டி இங்கேயே வாடிப்போச்சே, அதுவும் இதனாலதான்.” பரீதா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

அந்த மல்லிக்காக மேலிடத்தில் வாங்கிக்கட்டிக்கொண்டது காதர் மைதீன்தான். யாரோ செய்ததற்குத் தான் தலை குனிந்தோமே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இந்தக் குப்பையை இத்தனை நாளா எதுக்கு வச்சிருக்கீங்க? வேலையைத் தாமதப்படுத்துற எதையும் தூக்கச் சொல்லி மேலிடத்துலேர்ந்து எழுதலையா?”

“எழுதினாங்க சார். நீங்க ஓகே பண்ணாத்தான் தூக்க முடியும். ஆனா இதை மட்டும் ஒரு தடவை யோசிச்சு...”

“எனக்கே யோசிக்கச் சொல்லித் தர்றியா? நகரு அந்தப் பக்கம்.”

அவளுடைய நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். பதினான்காம் எண்ணுக்கு நேராக ‘நீக்கவும்’ என்று அழுத்தினார். காரணம் கேட்ட கட்டத்தில், ‘கம்பெனிக்குப் பெரும் பாரம். ஒரு நாள்கூட வைத்திருக்கத் தகாது’ என்று அடித்து, கீழே தன் பெயரையும் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார்.

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. நல்ல முடிவு என்று பாராட்டியிருந்தார்கள். அந்த டூல் பார்த்துவந்த ஒப்புதல்கள், ஊழியர் கான்ட்ராக்ட் உட்பட எல்லாமே, இன்று முதல் நேராக மேலிடத்துக்கே வரட்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

“பார்த்தியா? வேலைன்னா இப்படி இருக்கணும்.” காதர் மைதீன் சாய்ந்து உட்கார்ந்தார். “ஆமா, எந்தக் கம்பெனி மெஷின் அது? எவன் தலையில கட்டினான்?”

பரீதா தாளின் மேலிருந்த கோப்பிக் கப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“மெஷின் இல்ல சார். நீங்கதான்.”