மறுபக்கத்து நாடா

கேட்பதை விவரமாகக் கேட்டால்தான் ஏஐ உருப்படியாக எழுதும் என்று தோழி சொல்லியிருந்தாள். சமையலறையில் நின்றபடியே சங்கீதா போனில் ஒன்றுவிடாமல் தட்டினாள்: காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம், அரக்குக் கரை வைத்த மஞ்சள் கோர்வைப் புடவை, கணவர் குமரகுரு தனியாக நெய்வது, விளம்பரம் வேண்டும், சந்தேகம் இருந்தால் முதலில் என்னைக் கேள்.

அது கேட்டது: “கரையைத் தனி நூலில் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டுமே. மறுபக்கத்துக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுபவர் யார்?”

கூட உட்கார்ந்து நெய்த கமலவேணி அக்கா போன மாதமே நின்றுவிட்டாள். புடவை மட்டும் தினமும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

“ஏங்க, அந்தப் பக்கத்து நாடாவ யாருங்க தள்றாங்க?” என்று தறி அறைக்குக் கேட்கும்படி கத்தினாள்.

தறிச் சத்தம் நிற்கவில்லை.

“எம் பக்கத்துலயே உக்காந்துக்கினு எதுக்கும்மா இப்படிக் கத்துற?” என்றான் குமரகுரு.