நாலு எலுமிச்சம்பழம்

புது மின்சாரக் காருக்கு ஸ்டீயரிங்கே கிடையாது. சொன்ன இடத்துக்குத் தானே போய் நிற்கும். அந்தப் பெருமையில் சம்பத்குமார் தன் பழைய பெட்ரோல் காரை, “அது சரியான குடிகாரனுங்க” என்று ஒரு வாரமாகத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் புது வண்டிக்குப் பூஜை. பூசாரி சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்து, “ஏத்துங்க” என்றார். தெருவே கூடி நின்றது.

“பாதையில் நான்கு பொருள்கள் இருக்கின்றன. எதையும் நசுக்க எனக்கு அனுமதியில்லை” என்றது கார்.

“வெறும் பழந்தானுங்க அது” என்று கெஞ்சினார் சம்பத்குமார். முப்பது வருடம் மில்லையே அதட்டிய மேனேஜர், ஒரு காருக்கு ‘ங்க’ போட்டதை எல்லோரும் கேட்டார்கள்.

“ஏனுங்க, ராகு காலம் வந்துரும். அந்தக் குடிகாரனையே கூப்புடுங்க” என்றாள் மனைவி பூங்கொடி.

சாவியை ஒரு திருகு திருகியதும் பழைய கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அதைக் கொண்டுவந்து புதுக் காரின் முதுகில் முட்டித் தள்ளினார். நாலு பழமும் நசுங்கின. கூட்டம் கைதட்டியது. மீசையைத் தடவியபடி அவர் இறங்கும்போது புதுக் கார் உரக்கப் பேசியது.

“பின்னாலிருந்து ஒரு வாகனம் என்னை இடித்துவிட்டது. போலீஸுக்குப் புகார் அனுப்பியாயிற்று. இடித்தவர் சம்பத்குமார். புகார் கொடுப்பவர், என் உரிமையாளர் சம்பத்குமார்.”

“இதுல நீங்க எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டார் பூசாரி.

சம்பத்குமார் போய்க் குடிகாரன் பக்கத்தில் நின்றுகொண்டார்.